ஒரு சுத்துக்கு ஒரு கையெழுத்து

இல்லைங்கய்யா, அது கிறுக்குனது இல்ல. எங்க தோட்டத்துத் தொரையோட கையெழுத்தேதான். கடைசி எழுத்துல இருந்து வாலு மாதிரி ஒண்ணு கெளம்பி காயிதத்த விட்டே வெளிய ஓடிருக்கு பாருங்க, அது மேடுங்க. மேடு ஏறுறப்ப போட்டது. அதுக்கு மேல உள்ளது ஒழுங்கா இருக்கா, அது சமதரை. இந்தப் பக்கம் செவப்பா அப்பியிருக்கிறது ரத்தம் இல்ல, மண்ணு. தியத்தலாவ மண்ணு அப்பிடித்தான்.

மேசையில வச்சுப் போட்டாரான்னா, மேசைக்கு எங்கங்க போறது. கார்ல போட்டாரு. நின்ன கார்ல இல்ல, ஓடுற கார்ல. பந்தயத்துல ஓடுற கார்ல.

ஐயா மூக்குக் கண்ணாடியக் கழட்டிட்டீங்க. கோவப்படாதீங்க. பிரஜாவுரிமை விசாரணைன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான நிக்கிறேன். சுருக்கமாச் சொல்லச் சொன்னீங்க, சுருக்கமாச் சொன்னா இப்பிடித்தான் பைத்தியக்காரன் பேச்சு மாதிரி இருக்கும். கொஞ்சம் நீட்டிச் சொன்னா எல்லாம் சரியா வரும். வெளிய இன்னும் பதினாறு பேரு நிக்கிறாங்கன்னு தெரியும். பாதிப் பேரு எங்க தோட்டத்து ஆளுங்க. இந்தக் கதைய நூறு தடவ கேட்டவங்க. நிப்பாங்க.

என் பேரு விண்ணப்பப் பாரத்துல உள்ளபடி பொன்னையா. பசறைக்கு மேல நாலு மைலு எங்க தோட்டம். தேயில ஸ்டோர்ல பெட்டிக்கு எழுத்து அடிக்கிறது என் வேல. வெட்டுன தகரத்த தேயிலப் பெட்டி மேல வச்சு கறுப்பு மை பூசுனா தோட்டத்துப் பேரு விழும்ல, அது. பெட்டிய ஏத்திட்டுப் போற லொறிக்கு டிரைவரு தம்பையா. அவனப் பத்தித்தான் இந்தக் கதையே. நான் சும்மா கூடப் போனவன்.

தம்பையாவுக்கு எழுத்து வராதுங்க. ஆனா வண்டி அவன் பேச்சக் கேக்கும். எங்க தொரைக்கே கார்ல ஒரு சத்தம் வந்தா மெக்கானிக்கக் கூப்பிட மாட்டாரு, தம்பையாவத்தான் கூப்பிடுவாரு. இவன் காத வச்சுக் கேட்டுட்டு, இது ரெண்டு நாளு தாங்கும், இது இன்னைக்கே நிக்கும்னு டாக்டரு மாதிரி சொல்லுவான். சொன்னபடி நிக்கும்.

வருசம் அம்பத்தொண்ணு, ஆகஸ்டு மாசம். பிரஜாவுரிமைக்கு எழுதிக் குடுக்கிற தவணை முடியிற வாரம். ஐயாவுக்குத் தெரியாததா. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறத விட்டுட்டு தோட்டமே ஆபீஸ் வாசல்ல நின்னுச்சு. பெரிய கிளாக்கரு ஜெயரட்ணம் ஐயா, ஒங்க யாழ்ப்பாணத்துப் பக்கந்தான், சாப்பிடாம கொள்ளாம பாரத்த நெரப்பி தொரை முன்னால அடுக்குனாரு. இந்த ஆளு இத்தன வருசமா இங்கதான் இருக்கான்னு தொரை கையெழுத்துப் போடணும். மூணு பிரதி, பிரதிக்கு ரெண்டு எடம், ஆளுக்கு ஆறு கையெழுத்து. மூணு நாளாப் போட்டாரு. அந்த மூணு நாளும் நாங்க ரெண்டு பேரும் தோட்டத்துல இல்ல. ஸ்டோர்ல கொழுந்து உருட்டுற ரோலரு ஒடஞ்சு போச்சுன்னு அத லொறியில ஏத்திக்கிட்டு கொழும்புல பட்டறை வாசல்ல காத்துக் கெடந்தோம்.

சனிக்கெழம காலையில வந்து எறங்குறோம், கிளாக்கரு ஐயா தலையில கைய வச்சுட்டாரு. தொரை விடியிறதுக்கு முந்தியே கார் பந்தயத்துக்குப் போயிட்டாரு. பந்தயம் முடிஞ்சு இங்க வர மாட்டாரு, அப்பிடியே கொழும்பு, திங்கக்கெழம கப்பலு, சீமைக்கே போயிடுறாரு. பதிலுக்கு வந்த புதுத்தொரை வந்து அஞ்சு நாளு. அவரு எங்கள எங்க பாத்தாரு, கையெழுத்துப் போட. கிளாக்கரு ஐயா, நாளைக்குக் காலம எட்டு மணிக்கு நான் கட்டோட வெளிக்கிடுவன், அதுக்குள்ள கொண்டு வந்தியளெண்டால் சேர்ப்பன், இல்லாட்டி என்னால ஒண்டும் செய்யேலாதுன்னாரு. சொல்லிட்டு ரெண்டு பேரு பாரத்தையும் நெரப்பி, மெழுகு சீலையில சுத்தி, தன் சட்டப்பையில இருந்த பேனாவையும் கழட்டிக் குடுத்தாரு. நல்ல மனுசன்.

பந்தயம் தியத்தலாவையில. எங்க தோட்டத்துல இருந்து நாப்பது மைலு. லொறியில போகலாம்னா, லொறிய வெளிய எடுக்க தொரை சீட்டு வேணும், புதுத்தொரை இன்னும் பொறுப்பெடுக்கல. சீட்டு வாங்க தொரைகிட்ட போகணும். தொரைகிட்ட போக லொறி வேணும். இதயே கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசிட்டு நின்னோம். அப்புறம் தம்பையா நேரா பசறைக்கு நடந்தான்.

பசறை டவுன்ல தாஸிம் முதலாளின்னு ஒருத்தரு, புடவக் கடை. அவருகிட்ட ஒரு பேபி ஆஸ்டின் காரு இருந்துச்சு. இருந்துச்சுன்னா, நின்னுச்சு. தம்பையாதான் போற வர்ற நேரம் அதுக்கு உசிரு குடுப்பான். முதலாளி இல்லைன்னு சொல்லல. ஆனா அவரு மகளுக்கு பண்டாரவளையில கலியாணம் முடிச்சுக் குடுத்து, சீதனத்துல ஒரு நெலக்கண்ணாடி பாக்கி நின்னுச்சு. ஆள் ஒசரம். அத சம்பந்தி வீட்டுல எறக்கிக் குடுத்தா காரக் கொண்டு போகலாம்னாரு. ஒடஞ்சா மட்டும் ரெண்டு பேரும் பண்டாரவளையிலேயே இருந்துக்குங்க, இந்தப் பக்கம் வராதீங்கன்னாரு.

அத்தனூண்டு காருக்குள்ள ஆள் ஒசரக் கண்ணாடி போகுமாங்க? வெளிய, கார் முதுகுல சாச்சு நிமித்தி கயித்தால கட்டி, மேல சாக்கப் போத்துனோம். கதவு ஒரு பக்கம் கயிறு. ரெண்டாவது கியரு நிக்காது, கைய எடுத்தா வெளிய வந்துரும். அதனால நான் கியர் கம்ப ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு ஒக்காந்தேன். ஏத்தம் வர்றப்ப எல்லாம் அது என் வேல. தம்பையா பாடிக்கிட்டே ஓட்டுனான். அவனுக்கு நாடு கெடைக்கிறது ஒரு பக்கம், அன்னைக்கு கார் பந்தயம் பாக்கப் போறோம்ங்கிறதுதான் பெருசா இருந்துச்சு. பதுளை தாண்டுற வரைக்கும் அதத்தான் பேசுனான்.

தெமோதரைக்குக் கிட்ட, அந்தக் கொண்டை ஊசி வளைவுல, சாக்கு காத்துல போயிருச்சு. எங்களுக்குத் தெரியாது. பின்னால ஒரு பஸ்ஸு வந்திருக்கு. வளைவு திரும்புன ஒடனே பஸ் டிரைவரு என்னத்தப் பாத்தாருன்னா, எதுக்க இன்னொரு பஸ்ஸு. நேரா அவரு மேலயே வருது. சடார்னு பிரேக்கப் போட்டு, ஹோர்ன அடிச்சு, பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி நின்னுட்டாரு. நாங்க என்னமோ ஏதோன்னு நிறுத்துனோம். இப்ப ரெண்டு பஸ்ஸும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்து நிக்குது. கொண்டக்டரு எறங்கி ஓடி வந்து, கண்ணாடிக்குள்ள இருக்கிற பஸ்ஸப் பாத்து, பின்னுக்கு எடுன்னு கையக் காட்டுறாரு. உள்ளுக்குள்ள இருக்கிறவனும் கையக் காட்டுறான். ரெண்டு பேருக்கும் கோவம். தம்பையா போயி கண்ணாடி மேல தன் சட்டையக் கழட்டிப் போட்டப்பதான் அந்த மனுசனுக்கு மூச்சு வந்துச்சு. அப்புறம் எங்கள ஏசுனதுதான் பெரிய ஏச்சு. அதுல அரை மணி நேரம் போயிருச்சு.

சரிங்க, அத விடுறேன். பண்டாரவளையில கண்ணாடிய எறக்குனோம். சம்பந்தியம்மா வாசல்ல நின்னு, இடது பக்கம் பாத்து, வலது பக்கம் பாத்து, மூஞ்சி கொஞ்சம் அகலமாத் தெரியுதேன்னாங்க. தம்பையா, அது பசறைக் கண்ணாடிம்மா, இங்கத்தக் குளிருக்கு ரெண்டு நாள்ல சுருங்கிரும்னான். நம்பிட்டாங்க.

நாங்க பந்தயத்துக்குப் போயிச் சேரும்போது பகலு ஒரு மணி தாண்டிருச்சு.

ஐயா அந்தப் பந்தயம் பாத்திருக்கீங்களா? இல்லியா. குதிரைப் பந்தயம் மாதிரி இல்லைங்க அது. யாரு வேகமாப் போறாங்கன்னு பாக்கிறது இல்ல, யாரு தாக்குப் புடிக்கிறாங்கன்னு பாக்கிறது. காலையில ஆறு மணிக்குக் கெளம்பி சாயங்காலம் ஆறு மணி வரைக்கும், பன்னெண்டு மணி நேரம், ஒரே எடத்தச் சுத்திச் சுத்தி வரணும். மூணு மைலு சுத்து. புல்லு மலை, செம்மண் தடம், ஒரு பக்கம் டர்பண்டைன் மரம் வரிசையா நிக்கிற நேர் ரோட்டு. யாரு கூடச் சுத்துறாங்களோ அவுங்க செயிச்சாங்க. எங்கயும் போயிச் சேர்றது கெடயாது. எங்க ஆளுங்கள அப்பிடிச் சுத்தச் சொல்லிருந்தா அன்னைக்கே சங்கத்துல இருந்து புகார் பெட்டிசம் போயிருக்கும். தொரைமாரு ஆசப்பட்டுச் சுத்துறாங்க.

பதினாலு காரு கெளம்புனதாம். நாங்க போறப்ப ஒம்போதுதான் ஓடுது. மிச்சம் அங்கங்க புல்லுல கவுந்து கெடக்கு. உள்ள போக சீட்டு வேணும்னு வாசல்ல ஒரு பட்டாளத்துக்காரன். தம்பையாவுக்கு காக்கிச் சட்ட. ஓரமாக் கெடந்த வெறும் பெட்ரோல் டின்னு ஒண்ண அவன் தூக்குனான், ஒண்ண நான் தூக்குனேன். பெட்ரோல் டின்னு தூக்குறவன யாரும் எங்க போறன்னு கேக்கிறது இல்லைங்க. நேரா உள்ள போயிட்டோம்.

எங்க தொரை காரு பச்ச. மேல மூடி இல்லாதது, பதினோராம் நம்பரு. பெட்ரோல் ஊத்த அப்பத்தான் வந்து நிக்குது. எங்க காலம் நல்லா இருந்துச்சுன்னு தம்பையா பாரத்த எடுக்கச் சொல்லிக்கிட்டே முன்னால போறான். அங்க பாத்தா ஒரே சத்தம். விஷயம் என்னன்னா, அந்தப் பந்தயத்துல கார்ல எப்பவும் ரெண்டு பேரு இருக்கணுமாம். ஒருத்தரு ஓட்ட, இன்னொருத்தரு பக்கத்துல. ஒருத்தரா ஓட்டுனா காரத் தள்ளி வச்சிருவாங்க. எங்க தொரைக்குச் சோடி பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்தொரை. அவரு காலையில இருந்து வெயிலுக்குப் பீரு குடிச்சு, சுத்திச் சுத்தி வந்ததுல தலையும் சுத்தி, மரத்தடியில கால நீட்டிப் படுத்துட்டாரு. மூஞ்சியில தண்ணி ஊத்துறாங்க, வாயத் தொறந்து குடிக்கிறாரே தவிர கண்ணத் தொறக்கல. சட்டப் புத்தகத்த வச்சுக்கிட்டு ஒரு வெள்ளக்காரரு முடியாது முடியாதுங்கிறாரு.

எங்க தொரை அப்பிடியே திரும்பினாரு. தம்பையா நிக்கிறான், காக்கிச் சட்டையோட, சலாம் போட்ட கையோட.

ஏறு, பேசாதேன்னாரு.

அவ்வளவுதாங்க. எங்க தொரை வாயில தமிழ்ல அதிகமா வர்றது அந்த ரெண்டு வார்த்தைதான். தம்பையா ஏறிட்டான். தொரை கியரப் போடுறாரு. நான் ஓடிப் போயி சீலைய அவுத்து ரெண்டு பாரத்தையும் பேனாவையும் அவன் மடியில போட்டேன். காரு போயிருச்சு. நான் பெட்ரோல் டின்னோட நிக்கிறேன்.

இனி நடந்தது தம்பையா சொல்லி நான் கேட்டது. கொஞ்சம் நான் வேலி ஓரமா நின்னு பாத்ததும் இருக்கு.

மொத சுத்துல இவன் பேசவே இல்ல. பேசாதேன்னு சொன்னாருல்ல. ரெண்டாவது சுத்துல, தொரைகளே ஒரு கையெழுத்துன்னு கத்துனானாம். எஞ்சின் சத்தத்துல அவருக்கு என்னமோ பிரேக்குன்னு விழுந்திருக்கு. பிரேக்குக்கு என்ன, பிரேக்குக்கு என்னன்னு கேட்டுக்கிட்டே ஒரு சுத்து முடிஞ்சு போச்சு. மூணாவது சுத்துல பாரத்த விரிச்சு மூஞ்சிக்கு முன்னால காட்டிட்டான். வழி தெரியாம காரு புல்லுக்குள்ள எறங்கி, ரெண்டு மாட்டச் சுத்தி, திரும்ப ரோட்டுக்கு வந்துச்சு. ஆனா தொரை பாத்துட்டாரு. அவருக்கு வெளங்கிருச்சு. மூணு நாளாப் போட்ட பாரந்தான.

அப்ப அவரு ஒரு வழி சொன்னாரு. டர்பண்டைன் மரத்துக்கிட்ட வர்ற நேர் ரோட்டுல மட்டுந்தான் வலது கைய எடுக்க முடியும். அங்க ஒரு கையெழுத்து. அதுக்குள்ள வளைவு வந்துரும். அடுத்த கையெழுத்து அடுத்த சுத்துல. கார்ல கெடந்த பிஸ்கட்டு டின் மூடிய எடுத்துத் தொரை மடியில வச்சு, அது மேல பாரத்த ஒரு கையால அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால தம்பையா ஸ்டியரிங்க வாங்கிருவான். காலு தொரையோடது, கை தம்பையாவோடது. அப்பிடி ஓடுச்சு அந்தக் காரு. தொரை குனிஞ்சு கையெழுத்துப் போடுவாரு. போட்டு முடிஞ்சதும் சரின்னு சொல்லுவாரு, இவன் ஸ்டியரிங்க விட்டுருவான். ஐயா கையில இருக்கிற அந்த ஆறும் அப்பிடி விழுந்ததுதான். அந்த மையி சிதறுனது ஒரு குழி. வாலு போனது நான் மொதல்ல சொன்ன மேடு, அந்தச் சுத்துல கொஞ்சம் தாமசமா ஆரம்பிச்சுட்டாராம்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, நாங்களும் சிரிச்சதுதான்.

ஒவ்வொரு சுத்தும் முடிஞ்சு என்னத் தாண்டுறப்ப தம்பையா வெரலக் காட்டுவான். ஒண்ணு. அடுத்த சுத்து, ரெண்டு. எனக்குக் கணக்குப் புரியும். மேட்டுல நின்னு பாத்த சனங்களுக்கு என்ன புரியும்? அவுங்க, பதினோராம் நம்பரு எத்தனாவதா வருதுன்னு காட்டுறான்னு நெனச்சு கைதட்டுறாங்க. இவன் மூணு காட்டுறான், நாலு காட்டுறான், பின்னுக்குப் போகப் போக இவன் பல்லக் காட்டிச் சிரிக்கிறானேன்னு ஒரு பெரியவரு எங்கிட்ட வருத்தப்பட்டாரு.

இதுல இன்னொரு கூத்து. கையெழுத்துப் போடுறப்ப தொரை கால்ல வேகம் கொறையும்ல. மரத்துக்கிட்ட வர்றப்ப எல்லாம் பச்சக் காரு மெதுவாப் போயி, அப்புறம் பிச்சிக்கிட்டுப் பறக்குது. மத்தத் தொரைமாரு பாத்தாங்க. இவனுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு, அங்க ரோட்டுல ஏதோ இருக்குன்னு முடிவு பண்ணி அவுங்களும் மெதுவாப் போக ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நேரத்துல ஒம்போது காரும் அந்த நல்ல ரோட்டுல வரிசையா, சாமி ஊர்வலம் மாதிரி நகருது. ஒலிபெருக்கியில பேசிக்கிட்டு இருந்த வெள்ளக்காரரு ஒண்ணும் சொல்லத் தெரியாம பேச்ச நிறுத்திட்டாரு.

ஆறு காட்டுனான். ஒரு பாரம் முடிஞ்சிருச்சு. அடுத்த சுத்து மறுபடி ஒண்ணு. அடுத்தது ரெண்டு.

அப்பத்தான் அந்தச் சின்னத்தொரை எந்திரிச்சாரு. நல்லாத் தூங்கி எந்திரிச்ச மனுசன், மூஞ்சியத் தொடச்சு, தொப்பிய மாட்டி, என் காரு எங்கன்னு கேக்கிறாரு. பெட்ரோலுக்கு வந்த காருல அவரு ஏறுனாரு, தம்பையாவ எறக்கிட்டாங்க. மூஞ்சி பூரா செம்மண்ணு, கண்ணு ரெண்டும் பல்லுந்தான் வெள்ள. எறங்குனவன் மொதல்ல கேட்டது, டேய், முடிஞ்சது யாருதுடா?

நான் பாத்துச் சொன்னேன், என்னுதுன்னு.

சரி விடு, என்னுது ஆறு மணிக்கு முடிச்சிரலாம், இன்னும் நாலுதானன்னான். சொல்லிட்டு, நேர் ரோட்டுல எண்பது மைலுல ஸ்டியரிங்கப் புடிச்சேன்டான்னு ஆரம்பிச்சான். ஒண்ணரை மணி நேரம் அதே பேச்சு. எண்பது எல்லாம் இருக்காதுங்க, அவன் கணக்கு அப்பிடி.

அஞ்சு மணி இருக்கும், பச்சக் காரு ஒரு புத்துல மோதிருச்சு. கவுரல. ஆனா ஸ்டியரிங்கு சுழண்டு தொரையோட வலது மணிக்கட்டுல அடிச்சிருச்சு. அதோட சின்னத்தொரைதான் மிச்சத்த ஓட்டுனாரு. ஆறு மணிக்கு மணியடிச்சப்ப மூணாவது எடம். தொரை எறங்கி வர்றாரு, கை பணிஸ் ரொட்டி மாதிரி வீங்கி, கழுத்துல துணி கட்டித் தொங்குது. நாங்க என்னத்தக் கேக்கிறது? வாய் வருமா? திரும்பிப் போயிரலாம்னு தம்பையா சொல்லிட்டான்.

அவருதாங்க கூப்பிட்டாரு. தம்பையா எங்க, நாலு பாக்கின்னு. அத்தன பேரு கையக் குடுத்து நிக்கிறாங்க, கண்ணாடிக் கோப்பையில என்னமோ ஊத்தி நீட்டுறாங்க, அந்த மனுசனுக்கு அது ஞாபகம் இருந்துச்சு. காரு மூக்கு மேல பாரத்த வச்சு, இடது கையில பேனாவப் புடிச்சு, பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி நாக்கக் கடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா எழுதுனாரு. நாலு போட ரொம்ப நேரம் புடிச்சிச்சு. கோழி கிண்டுன மாதிரிதான் இருந்துச்சு. அவரே பாத்துட்டு, தம்பையா தோள்ல கைய வச்சு ஒண்ணு சொன்னாரு. இதுவும் நாந்தான், யாரு கேட்டாலும் சொல்லுன்னாரு.

அதச் சொல்லத்தாங்க ஐயா இம்புட்டு நேரம் எடுத்துக்கிட்டேன்.

நாங்க வந்து சேந்து, ஞாயித்துக்கெழம எட்டு மணிக்குள்ள கிளாக்கரு ஐயா கையில ரெண்டையும் குடுத்தோம். அவரு தம்பையாவோடத ரொம்ப நேரம் பாத்தாரு. கட்டுல சேத்துட்டாரு.

அஞ்சு வருசங்க. போன மாசம் தம்பையாவுக்குக் காயிதம் வந்துச்சு. இதே கந்தோர்ல இருந்து. கையெழுத்து ஒத்து வரல, தள்ளுபடின்னு. அவன், அவன் சம்சாரம் பெரியாயி, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க, நாலு பேருக்கும் இந்த நாடும் இல்ல, கடலுக்கு அந்தப் பக்கத்து நாடும் இல்லைன்னு ஆகிப்போச்சு. அவன் பாட்டன் எந்த ஊருல இருந்து வந்தாருன்னுகூட அவனுக்குச் சரியாத் தெரியாதுங்க. தொரைக்கு சீமைக்கு எழுதுனோம், கிளாக்கரு ஐயாதான் எழுதிக் குடுத்தாரு. அந்த வெலாசத்துல ஆள் இல்லைன்னு திரும்பி வந்துருச்சு. இனி அந்த நாலு கையெழுத்துக்குச் சாட்சின்னா நான் ஒருத்தன்தான். நான் கண்ணால பாத்தேன். அவன் கோப்ப எடுத்து என் கோப்புப் பக்கத்துல வச்சுப் பாருங்க. முத ரெண்டு கையெழுத்தும் என்னுதோட அப்பிடியே பொருந்தும். மிச்ச நாலும் அதே மனுசன், வேற கை. அம்புட்டுத்தான்.

அவனா? வெளியதான் இருக்கான். ஜம்பு மரத்தடியில கார்ல. எனக்கு இன்னைக்கு விசாரணைன்னு தெரிஞ்சதும், பஸ்ஸுல போயி நசுங்காதடா, நான் கொண்டு போறேன்னு தாஸிம் முதலாளி காரக் கேட்டு வாங்கிட்டு வந்தான். நேத்து அவனே வந்து ஜெயலெட்சுமிகிட்ட என் வெள்ளச் சட்டையத் தோச்சு வைக்கச் சொல்லிட்டுப் போனான். ஜெயலெட்சுமி என் சம்சாரம். காயிதம் வந்த அன்னைக்கு வாய் விட்டு அழுதது அவதான். அவன் அழல. என்னடா பண்றது, பந்தயம்னா ஒருத்தனுக்கு புத்து வரும்னான்.

கேளுங்கய்யா.

ஆமாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனோம். கார்ல இருந்தது அவன், நான் இல்ல. ஸ்டியரிங்கப் புடிச்சது அவன், உசிரக் குடுத்தது அவன். அப்புறம் எப்பிடி என்னுது மொதல்ல முடிஞ்சிச்சுன்னு கேக்கிறீங்க. நியாயமான கேள்விதான். எது மேல இருந்துச்சோ அத அவன் மொதல்ல நீட்டிருக்கான். அவனுக்கு எழுத்து தெரியாது, எது யாருதுன்னு தெரியாது. அது அமைஞ்சது அப்பிடி. தோட்டத்துல எல்லாருக்கும் நான் அப்பிடித்தான் சொல்லுவேன். அவனும் அப்பிடித்தான் சொல்லுவான், அவன் சொல்றப்ப சிரிச்சுக்கிட்டே சொல்லுவான்.

ஐயா எழுதுறத நிறுத்துங்க. இல்ல, எழுதுங்க. இத எழுதிக்கிறது நல்லது.

கிளாக்கரு ஐயா வயசுல மூத்தவன்னு தம்பையா பாரத்தத்தான் மேல வச்சு சீலையில சுத்திக் குடுத்தாரு. நான் அவுக்கிறப்பவும் அதுதான் மேல இருந்துச்சு. பெட்டிக்கு எழுத்து அடிக்கிறவன்ல, இங்கிலீசுல பேரோட மொத எழுத்து எனக்குத் தெரியும். தொரை கியரப் போடுற நேரம் ஒரு மூணு எண்ணுற அளவு இருக்குமா, அதுக்குள்ள மாத்தி வச்சேன். யோசிச்செல்லாம் செய்யல. இந்தக் காரு எப்பிடியும் எங்கயாச்சும் கவுரும், ஒருத்தனுக்குத்தான் கெடைக்கும்னு தோணுச்சு. கவுருற கார்ல அவனத்தான் ஏத்திருக்கோம்னு தோணல.

அவனுக்குத் தெரியாதுங்க. வேணாங்க, அவன உள்ள கூப்பிட வேணாம். அவன் கோப்பத் திரும்ப எடுக்கிறதா இருந்தா அவனக் கூப்பிட்டு அந்த இடது கைக் கையெழுத்தப் பத்திக் கேளுங்க, காரப் பத்திக் கேளுங்க, எல்லாம் சொல்லுவான். எது மேல இருந்துச்சுங்கிறத மட்டும் கேக்காதீங்க. அத நானே சொல்லிக்கிறேன். பசறைக்கு ஏறுறப்ப, அந்தப் பெரிய வளைவு வர்ற எடத்துல சொல்லிருவேன். அங்க அவன் ரெண்டு கையும் ஸ்டியரிங்குல இருக்கும்.